மூளைக்கு வரைபடம் தந்த தாமஸ் வில்லிஸ்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அச்சிரசினுள் எலும்புப் பேழையில் வைத்துக் காக்கப்படும் மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடல் எடையில் 50-ல் ஒரு பங்குதான். ஆயினும் நம் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே செலவிடுகிறது. சில விநாடிகள் இரத்தம் செல்லாவிடில் நினைவு தப்பும். சில நிமிடங்கள் தடைப்பட்டால் மூளைக்கு மீளாத கேடு விளையும். எனவேதான் படைத்த இறைவன் அதற்கு இரத்தம் கொண்டு செல்ல ஒரு வழியை மட்டும் வைக்காமல், நான்கு வழிகளை வைத்து, அவற்றை ஒரு வளையமாகவும் இணைத்து வைத்தார். உயிரியல் பாடம் பயிலும் மாணவியர் அந்த வளையத்தை 'வில்லிஸ் வளையம்' என்று படித்திருப்பீர்கள். யார் இந்த வில்லிஸ்? அவருடைய வாழ்வு நமக்குக் கற்றுத் தருவது என்ன? சற்றே காண்போம்.

இளமையும் வறுமையும்

இங்கிலாந்தில் வில்ட்ஷயர் மாவட்டத்தில் கிரேட் பெட்வின் என்னும் சிற்றூரில், 1621-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள் தாமஸ் வில்லிஸ் பிறந்தார். பத்து வயதிலேயே தாயை இழந்தார். பின்னர் குடும்பம் ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகே ஒரு பண்ணையில் வாழ்ந்தது.

ஆக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் அவர் சேர்ந்தபோது, படிப்புச் செலவுக்குப் போதிய பணம் இல்லை. எனவே அக்கல்லூரியின் குருவானவர் ஒருவரது இல்லத்தில் பணிவிடை செய்துகொண்டே பயின்றார். அக்குருவானவரின் துணைவியார் நோயாளிகளுக்கு மருந்து தயாரித்துக் கொடுக்கும் பழக்கமுடையவர். மூலிகைகளை இடித்தும் காய்ச்சியும் வடித்தும் அவருக்கு உதவிய இளைஞர் வில்லிஸ், மருத்துவத்தின் முதற் பாடத்தை அந்த அம்மையாரின் அடுப்பங்கரையில்தான் கற்றார். பேராசிரியர்களின் பெயர்களை வரலாறு பொறித்து வைக்கிறது. இத்தகைய தாய்மாரின் பங்கை நாம்தாம் நினைவில் கொள்ள வேண்டும்.

1639-இல் இளங்கலைப் பட்டமும் 1642-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். திருச்சபைப் பணியில் ஈடுபடவே முதலில் எண்ணியிருந்தார். ஆனால் அதே 1642-இல் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. போரோடு கொள்ளைக் காய்ச்சலும் வந்தது. 1643-ஆம் ஆண்டு அந்தக் காய்ச்சலுக்கு வில்லிஸின் தந்தையும் சிற்றன்னையும் பலியாயினர். அவரோ மன்னரின் படையில் சேர்ந்து ஆக்ஸ்போர்டு நகரைக் காத்தோருள் ஒருவரானார். பல்கலைக்கழகம் பாசறையாக மாறியிருந்த காலம் அது. போர் முடிந்த 1646-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். தம் குடும்பத்தைச் சிதைத்த காய்ச்சலைப் பற்றிப் பின்னாளில் தம் முதல் நூலில் அவர் நுணுக்கமாக எழுதி வைத்தார். 1659-இல் அந்நூல் வெளிவந்தது. கண்ணீரோடு நின்றுவிடாமல், துன்பத்தைப் பிறருக்குப் பயன்படும் அறிவாக மாற்றியவர் அவர்.

சந்தை மருத்துவர்

வில்லிஸ் அழகிய தோற்றம் உடையவர் அல்லர். பேச்சில் திக்கும் குறையும் இருந்தது. செல்வாக்குள்ள நண்பரும் அப்போது இல்லை. எனவே தொடக்க நாள்களில் பெரிய மனிதர்கள் அவரைத் தேடி வரவில்லை. அருகிலிருந்த ஊர்களின் சந்தை நாள்களில் அவரே சென்று, அங்கு கூடும் எளிய மக்களுக்கு வைத்தியம் செய்தார். சொந்தமாகக் குதிரை வாங்க வசதியின்றி, மற்றொரு மருத்துவரோடு சேர்ந்து ஒரே குதிரையை வைத்துக்கொண்டிருந்தார். அந்நாள்களிலேயே ஒவ்வொரு நோயாளியின் நோய்க்குறிகளையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் நல்ல வழக்கத்தை மேற்கொண்டார்.

அக்காலத்தில் ஆட்சி செய்தோர், இங்கிலாந்துத் திருச்சபையின் பழைய வழிபாட்டு முறையைத் தடை செய்திருந்தனர். வில்லிஸ் அச்சபையைச் சார்ந்தவர். தடைக்கு அஞ்சாமல், மெர்ட்டன் கல்லூரிக்கு எதிரே இருந்த தம் இல்லத்தில் நாள்தோறும் வழிபாடு நடைபெற இடம் கொடுத்தார். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர் என்றாலும், மனச்சான்றின்படி வாழ இடர்களை ஏற்ற அவரது உறுதி போற்றத்தக்கதே. 1657-இல் மேரி ஃபெல் என்னும் நற்குணவதியை மணந்தார். வழிபாட்டை நடத்திய குருக்களுள் ஒருவரான ஜான் ஃபெல் என்பவரின் சகோதரி அவர்.

தூக்குமேடையிலிருந்து மீண்ட பணிப்பெண்

வில்லிஸின் பெயரை முதன்முதல் நாடறியச் செய்தது 1650-ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி. ஆன் கிரீன் என்பவள் இருபத்திரண்டு வயது ஏழைப் பணிப்பெண். செல்வர் வீடொன்றில் வேலை செய்து வந்த அவள், எசமானரின் குடும்பத்து இளைஞன் ஒருவனால் வஞ்சிக்கப்பட்டாள். குறை மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. மணமாகாத பெண் தன் குழந்தையின் இறப்பை மறைத்தால், அவளே அதைக் கொன்றாள் என்று கொள்ள வேண்டும் என 1624-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறியது. குழந்தை உயிரோடு பிறக்கவில்லை என்று மருத்துவச்சி சொல்லியும் பயனில்லை. வஞ்சித்தவனை யாரும் கேள்வி கேட்கவில்லை. வஞ்சிக்கப்பட்டவளுக்குத் தூக்குத் தண்டனை கிடைத்தது.

டிசம்பர் 14-ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் அவள் தூக்கிலிடப்பட்டாள். ஏறத்தாழ அரை மணி நேரம் தொங்கிய பின் இறந்தாள் எனக் கருதி, உடலைப் பெட்டியில் வைத்து, மாணவர்க்கு உடற்கூறு கற்பிப்பதற்காக வில்லியம் பெட்டி என்னும் மருத்துவரின் இல்லத்துக்கு அனுப்பினர். பெட்டியும் வில்லிஸும் அங்கு வந்து பார்த்தபோது, பெட்டிக்குள்ளிருந்த உடலின் தொண்டையில் மெல்லிய மூச்சொலி கேட்டது!

அறுவைக் கத்தியைக் கீழே வைத்தனர் மருத்துவர்கள். கைகால்களைத் தேய்த்துச் சூடேற்றினர். சூடான மருந்தை வாயில் ஊற்றினர். இறகால் தொண்டையை வருடினர். வேறொரு பெண்ணை அருகில் படுக்க வைத்து உடல் வெப்பம் ஊட்டினர். சில மணி நேரத்தில் கண் விழித்தாள், பிறகு பேசினாள், சில நாள்களில் உணவு உண்டாள், ஒரு மாதத்தில் முற்றும் நலம் பெற்றாள்.

ஆனால் உயிர் பிழைத்தவளை மீண்டும் தூக்கிலிடச் சட்டம் காத்திருந்ததே! மருத்துவர்கள் அவளுக்காகப் பரிந்து பேசினர். அவள் குற்றமற்றவள் என்பதற்கு இறைவனே சான்று கூறிவிட்டார் என்று மக்களும் எண்ணினர். மன்னிப்புக் கிடைத்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் பெற்ற காசு, அவளது மருந்துச் செலவுக்கும் மன்னிப்பு பெறும் செலவுக்கும் உதவியது. பின்னர் அவள் மணம் புரிந்து மூன்று குழந்தைகளுக்குத் தாயானாள். அந்தக் கொடிய சட்டம் நீங்கியதோ 1803-ஆம் ஆண்டில்தான். அதற்குள் எத்தனை ஏழைப் பெண்கள் கேட்பாரின்றி மாண்டிருப்பர்! கற்றவர்கள் வாய் திறந்து பேசினால் ஓர் ஏழையின் உயிர் காக்கப்படும் என்பதற்கு ஆன் கிரீனின் வரலாறு சான்று.

மூளையை ஆராய்தல்

1660-இல் மன்னராட்சி மீண்டும் மலர்ந்தது. வில்லிஸின் நெஞ்சுறுதியை அறிந்திருந்த கில்பர்ட் ஷெல்டன் என்னும் ஆயரின் உதவியால், ஆக்ஸ்போர்டில் இயற்கைத் தத்துவப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டியது. சந்தை மருத்துவர் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்! பின்னாளில் பெரும் தத்துவ ஞானியாக விளங்கிய ஜான் லாக், அவரது விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்த மாணவர்களுள் ஒருவர்.

புலன்களைப் பற்றியும் நரம்புகளைப் பற்றியும் வகுப்பில் பேச நேர்ந்தபோது, பழைய நூல்கள் கூறுவது உண்மைதானா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. மூளையின் நடுவிலுள்ள வெற்றறைகளில்தான் நினைவும் கற்பனையும் உறைகின்றன என்று பல நூற்றாண்டுகளாக எழுதி வந்தனர். வில்லிஸ் புத்தகத்தை மூடிவிட்டு, மூளையையே நேரில் பார்க்கத் துணிந்தார். மனித மூளையைத் திறந்து ஆராய்வது, கடவுளின் உயிருள்ள ஆலயத்துள் நுழைவதற்கு ஒப்பானது என்ற பயபக்தியோடு அப்பணியைத் தொடங்கினார்.

அவர் தனியே உழைக்கவில்லை. ரிச்சர்டு லோயர் என்னும் மருத்துவர் தேர்ந்த கைகளால் அறுத்துக் காட்டினார். கிறிஸ்டோபர் ரென் படங்களை வரைந்தார். பின்னர் இலண்டன் மாநகரின் புனித பவுல் பேராலயத்தை எழுப்பிய கட்டடக் கலைஞர் ரென் இவரேதான்! தம்மால் தனித்து இதைச் செய்திருக்க முடியாதென்று வில்லிஸ் தம் நூலிலேயே நண்பர்களுக்கு நன்றி கூறியிருக்கிறார்.

முன்னோர் மூளையைத் தலைக்குள் வைத்தபடியே மேலிருந்து துண்டு துண்டாக நறுக்கிப் பார்த்தனர். வில்லிஸ் குழுவினரோ மூளையை முழுமையாக வெளியே எடுத்து, கவிழ்த்து, அடிப்புறத்தைப் பார்த்தனர். அவ்வாறு பார்த்ததால்தான் இதுவரை தெளிவின்றிக் கிடந்த இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கண்ணுக்குத் தெரிந்தன. 1664-ஆம் ஆண்டு இலத்தீன் மொழியில் 'மூளையின் உடற்கூறு' என்னும் பொருள்பட அவரது நூல் வெளிவந்தது. நரம்பியல் என்னும் துறைக்கு உரிய பெயரை உலகுக்குத் தந்தவரும் அவரே.

வில்லிஸ் வளையம்

மூளைக்கு இரத்தம் செல்லும் வழியைக் காண்போம். கழுத்தின் முன்புறம் இரு பக்கமும் இரண்டு தமனிகள் மேலேறுகின்றன. இவை கழுத்துத் தமனிகள். கழுத்தெலும்புகளில் உள்ள துளைகளின் வழியே பின்புறம் இரண்டு தமனிகள் மேலேறுகின்றன. இவை முள்ளெலும்புத் தமனிகள். பின்னிரண்டும் மண்டையோட்டினுள் ஒன்றாகி, மீண்டும் இரண்டாகப் பிரிகின்றன. முன்னும் பின்னும் உள்ள இக்குழாய்களைச் சிறு இணைப்புக் குழாய்கள் சேர்க்க, மூளையின் அடியில் ஒரு வளையம் உருவாகிறது. அதிலிருந்து கிளைகள் பிரிந்து மூளையின் எல்லாப் பகுதிகளுக்கும் இரத்தம் பாய்ச்சுகின்றன.

இவ்வளையத்தை அவருக்கு முன்பும் சிலர் கண்டதுண்டு. வெப்ஃபர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் 1658-இலேயே எழுதியிருந்தார். ஆனால் அது எதற்காக அமைந்தது என்பதை விளக்கியவர் வில்லிஸ். ஒரு பக்கத்துக் கழுத்துத் தமனியில் சாயம் கலந்த நீரைச் செலுத்தினார். அது மறுபக்கத்துக் குழாய்களிலும் பரவி வெளிப்பட்டது. ஒரு வழி அடைபட்டாலும் மற்ற வழிகளில் வரும் இரத்தம் வளையத்தைச் சுற்றி வந்து, மூளை முழுவதையும் காக்கும் என்று அறிந்தார்.

இதற்கு ஒரு மனிதரின் உடலே சாட்சியாயிற்று. வயிற்றுக் கட்டியால் இறந்த ஒருவரை வில்லிஸ் பரிசோதித்தார். அவருடைய வலப்பக்கத்துக் கழுத்துத் தமனி மண்டையோட்டினுள் கல்லாக இறுகி, ஏறக்குறைய முழுவதும் அடைபட்டிருந்தது. ஆயினும் அவர் மூளை நோயால் துன்புற்றவர் அல்லர். காரணம் என்ன? அதே பக்கத்து முள்ளெலும்புத் தமனி, மறுபக்கத்ததைவிட மும்மடங்கு பருத்து, அந்தச் சுமையைத் தாங்கியிருந்தது. வாய்க்கால் ஒன்று தூர்ந்தால் அடுத்த வாய்க்கால் பெருகி வயலைக் காப்பது போன்ற ஏற்பாடு இது!

இந்த வளையம் எல்லாருக்கும் ஒரே சீராக அமைவதில்லை என்பது இன்று நமக்குத் தெரியும். பலருக்கு இணைப்புக் குழாய்கள் மிக மெலிந்தோ இல்லாமலோ இருப்பதுண்டு. குழாய் மெல்ல மெல்ல அடைபடும்போது வளையம் துணை நிற்கக்கூடும். திடீரென அடைபட்டால் எப்போதும் காக்க இயலாது. ஆகவே ஒருவருக்கு முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கை வைத்தியத்தில் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதைப் பெற்றோரும் மனத்தில் கொள்வது நலம்.

கபால நரம்புகள்

மூளையிலிருந்து புறப்பட்டுக் கண், காது, மூக்கு, நாக்கு, முகம் முதலியவற்றுக்குச் செல்லும் நரம்புகளைக் கபால நரம்புகள் என்கிறோம். பண்டைய மருத்துவர் காலன் இவற்றை 7 இணைகளாக எண்ணியிருந்தார். வில்லிஸ் புதிதாக எண்ணி வரிசைப்படுத்தினார். மணத்தை அறியும் நரம்பை முதலாவதாகவும், பார்வை நரம்பை இரண்டாவதாகவும், கண்ணை அசைப்பவற்றை மூன்று, நான்கு, ஆறு எனவும், முகத்தின் தொடுவுணர்ச்சியைத் தருவதை ஐந்தாவதாகவும் வைத்தார். இவ்வாறு ஒன்று முதல் ஆறு வரை அவர் இட்ட எண்களையே இன்றைய மாணவரும் மனப்பாடம் செய்கின்றனர். முக நரம்பையும் செவி நரம்பையும் சேர்த்து ஏழாவதாக எண்ணினார். அவ்வாறே வேறு சிலவற்றையும் ஒன்றாக்கினார். 1778-இல் சோமரிங் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவற்றைப் பிரித்து 12 இணைகள் என வகுத்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்று நிலைத்த வரிசை வில்லிஸுடையது.

நோயாளிகளிடம் அவர் கண்டவை பல. பேசத் தொடங்கும்போது தெளிவாகப் பேசி, நேரம் செல்லச் செல்ல நாத் தளர்ந்து ஊமையாகிவிடும் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினார்; தசைகள் விரைவில் சோர்வடையும் அந்நோய் இன்று நன்கு அறியப்பட்டது. முரசு ஒலிக்கும்போது மட்டுமே பிறர் பேச்சைக் கேட்கக்கூடிய செவிட்டுப் பெண்மணி ஒருவரைப் பற்றியும் குறித்தார். அவருடைய கணவர், மனைவியோடு உரையாடுவதற்காகவே முரசறையும் வேலையாள் ஒருவனை அமர்த்தினாராம்! நீரிழிவு நோயாளியின் சிறுநீர் தேன் போல் இனிப்பதை 1674-இல் எழுதி ஐரோப்பியருக்கு உணர்த்தினார். நம் பாரத நாட்டு மருத்துவர்கள் அதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

பிழையும் பணிவும்

வில்லிஸ் சொன்னவை அனைத்தும் சரியல்ல. நினைவு, கற்பனை, பொதுப்புலன் ஆகியவற்றுக்கு மூளையில் இன்னின்ன இடம் என அவர் துணிந்து கூறியவற்றுள் பல ஊகமே. சிறுமூளைதான் இதயத் துடிப்பையும் மூச்சையும் நடத்துகிறது என எண்ணினார். அது முகுளத்தின் வேலை என்றும், சிறுமூளை நம் அசைவுகளைச் சீராக்குவது என்றும் இன்று அறிவோம்.

அவரது ஊகங்களை அன்றே எடுத்துக்காட்டியவர் டென்மார்க்கு நாட்டு இளைஞர் நீல்ஸ் ஸ்டென்சன். 1665-இல் பாரிஸ் நகரில் ஆற்றிய உரையில், வில்லிஸின் நூற்படங்களை மிகவும் பாராட்டிய அவர், மூளையைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு என்பதைப் பணிவோடு ஒப்புக்கொள்ள வேண்டும் என வற்புறுத்தினார். இந்த ஸ்டென்சன் 1667-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, 1675-இல் குருவாகி, 1677-இல் ஆயராகி, ஏழையாய் வாழ்ந்து மறைந்தார். 1988-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றவர் எனப் பிரகடனம் செய்தார். அறிவியலும் விசுவாசமும் ஒன்றுக்கொன்று பகை என்பார்க்கு இவ்விருவர் வாழ்வே தக்க விடை.

இறுதி நாள்கள்

1667-இல் வில்லிஸ் இலண்டனில் குடியேறினார். செல்வமும் புகழும் குவிந்தன. ஆனால் இல்லத்தில் துயரம் சூழ்ந்தது. பிள்ளைகள் பலரை இளம் வயதிலேயே பறிகொடுத்தார். 1670-இல் அன்பு மனைவி மேரியும் மறைந்தார். பிறரது உயிரைக் காத்த மருத்துவரால் தம் செல்வங்களைக் காக்க இயலவில்லை. ஆயினும் அவர் கடவுளை நொந்துகொள்ளவில்லை, நோயாளிகளைக் கைவிடவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைக்கும் கட்டணம் முழுவதையும் ஏழைகளுக்கே கொடுத்துவிடுவது அவர் வழக்கம். பகலில் ஆலயம் செல்ல வாய்ப்பில்லாத வேலைக்காரர்களும் உழைப்பாளிகளும் வழிபடுவதற்காக, தம் பங்கு ஆலயத்தில் அதிகாலையிலும் மாலைப் பொழுது கழிந்த பின்னும் செபம் நடைபெற ஏற்பாடு செய்தார். தம் காலத்துக்குப் பின்னும் அது தொடர ஆண்டுக்கு 20 பவுன் வருமானம் எழுதி வைத்தார். ஒரு காலத்தில் தாமும் பிறர் வீட்டில் பணிவிடை செய்தவர் என்பதை அவர் மறக்கவில்லை.

1675-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், நெஞ்சுச் சளிக் காய்ச்சலால் தம் 54-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவர் உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது.

அன்பு மாணவியரே! உங்களுள் சிலர் நாளை மருத்துவர்களாகலாம், செவிலியராகலாம், ஆசிரியராகலாம், இல்லத்தை ஆளும் அன்னையராகலாம். எந்த நிலையிலும் வில்லிஸிடம் கற்க வேண்டிய பாடங்கள் உண்டு. பிறர் எழுதியதை ஒப்பிப்பதோடு நில்லாமல், கண்ணால் கண்டு தெளிதல். உடன் உழைத்தோரின் பெயரை மறைக்காதிருத்தல். நீதி கிடைக்காத எளியோர்க்காக வாய் திறத்தல். ஒரு குழாய் அடைபட்டால் மற்றொன்று பெருகி மூளையைக் காப்பது போல, ஒருவர் தளர்ந்தால் மற்றவர் தாங்கும் குடும்பமாக நம் பள்ளியும் இல்லமும் விளங்கட்டும். அத்தகைய அன்பையும் அறிவையும் இறைவன் நமக்கு அருள்வாராக!